விட்டுப்போன வீடு

ஜனவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் முதுகுவலியும் சௌக்கியமா? நாள் முழுக்கக் குனிந்து சாக்கடைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்காமல், வாரத்துக்கு ஒரு நாளாவது நிமிர்ந்து நட.

நாம் போனில் பேசுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. வாலுவை எப்படிக் குளிப்பாட்டுவது என்று ஆரம்பித்தாய், எப்படித் தூங்க வைப்பது என்று போனாய், கடைசியில் நான் எப்படி மூச்சு விடுவது என்பதில் வந்து நின்றாய். "இனிமே ஏதாவது சொல்லணும்னா எழுது. எழுதறப்பவாவது யோசிப்ப" என்று சொல்லி நான் போனை வைத்ததில் எனக்கு இன்னும் வருத்தம் வரவில்லை. வண்டிக்கார அண்ணன் இருக்கிறாரே, போதும். செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் சோதனைக்கு எடுத்த சாக்கடைத் தண்ணீர்ப் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு உங்கள் ஆய்வகத்துக்கு வருகிறார், புதன்கிழமை காலிப் பெட்டியோடு திரும்புகிறார். தபால்காரரைவிட ஒழுங்கு.

போன ஞாயிறு சொட்டு மருந்து முகாம் முடிந்தது. எங்கள் தெருவில் நாற்பத்தொரு குழந்தைகள், ஒன்றையும் விடவில்லை. ஒருவன் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தான், அவனையும் இழுத்து வந்து வாயைத் திறக்க வைத்தேன். கடைசியில் நாற்பத்திரண்டாவதாக எங்கள் வீடு. சொட்டு போடுகிறவள் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள்? நானே தட்டி, நானே திறந்து, வாலு வாயில் இரண்டு சொட்டு விட்டு, அவள் சுண்டுவிரலில் மை வைத்து, கதவில் சாக்பீஸால் குறியும் போட்டேன். இவர் பார்த்துவிட்டு, "அரசாங்கம் நீதான், பொதுஜனமும் நீதானா?" என்று கேலி செய்தார். அவள் பிறந்த அன்றைக்கு முதல் சொட்டு விட்டதும் என் கைதானே. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

வாலுவுக்குக் கொஞ்சம் சளி. வேறொன்றும் இல்லை. ஏப்ரலில் இரண்டு வயது முடிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை


ஜனவரி 22

என் அன்புச் சண்டைக்காரிக்கு,

நான் நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது, விசாரித்தாய் என்று அதனிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை எப்படி? லிஃப்ட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டு வேலை பார்க்கும் மனிதர், ஞாபகமாகப் பெல்ட் போடச் சொல்.

உன் கடிதமும் உன் ஊர்ச் சாக்கடையும் ஒரே வண்டியில் வந்து இறங்கின. முதலில் பாட்டிலைப் பிரித்து எண் எழுதி உறைபெட்டியில் வைத்து, கையுறையைக் கழற்றி, கையை மூன்று முறை கழுவிய பிறகுதான் உன் கடிதத்தைத் தொட்டேன். உனக்கு நான் கொடுக்கும் மரியாதை அவ்வளவுதான் என்று கோபித்துக்கொள்ளாதே. ஐந்து ஊர்க் கழிவுநீர் என் மேசைக்கு வருகிறது. அதில் போலியோ வைரஸ் இருக்கிறதா என்று தேடுவது என் பிழைப்பு. வருடக்கணக்காகத் தேடி, ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இந்த மாதம் அப்படி எழுத முடியவில்லை. ஒரு பாட்டிலில் ஏதோ இருக்கிறது. அதற்கு மேல் சொல்லக் கூடாது, சொல்லவும் இன்னும் தெரியாது. எங்கள் பெரிய டாக்டர் காபி குடிப்பதையே மறந்துவிட்டு நடமாடுகிறார்.

அது கிடக்கட்டும். வாலுவுக்குச் சளி என்று நவம்பரில் போனில் சொன்னாய். ஜனவரியிலும் அதே சளியா, புதுச் சளியா? எடை எவ்வளவு? யோசித்துத்தான் கேட்கிறேன், எழுதும்போது யோசிப்பேன் என்று நீதானே சொன்னாய்.

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

எடை மெஷின் சுகாதார நிலையத்தில் ரிப்பேர். சரியானதும் பார்க்கிறேன். வாலு இப்போது ரொம்ப சமர்த்து. முன்பு மாதிரி ஓடுவதில்லை, எதையும் போட்டு உடைப்பதில்லை, என் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். பெயரை மாற்ற வேண்டியதுதான். வயிறு மட்டும் கொஞ்சம் இளக்கமாக இருக்கிறது. பல் முளைக்கிறது, அதனால்.

எங்கள் ஊரில் ஒரு கூத்து. முன்பெல்லாம் பம்பிங் ஸ்டேஷனில் மட்டும்தான் மாதிரி எடுப்பார்கள். இப்போது மஞ்சள் சட்டைக்காரர்கள் தெருத்தெருவாக வந்து சாக்கடை மூடியைத் திறந்து, கயிற்றில் வாளி கட்டி மொண்டு போகிறார்கள். ஜனங்கள் சும்மா இருப்பார்களா? தங்க நகை தொலைந்துபோய்த் தேடுகிறார்கள் என்கிறார் ஒருவர். கொலை நடந்திருக்கிறது என்கிறார் மளிகைக்கடைக்காரர். என்னிடம் வந்து கேட்கிறார்கள். எனக்கென்ன தெரியும் என்று கம்பி நீட்டிவிடுகிறேன்.

நீ சொன்ன அந்தப் பாட்டில் எந்த ஊர்ப் பாட்டில்?

உன் தங்கை


பிப்ரவரி 26

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலமாக இருக்கிறேன், தூக்கம்தான் சரியில்லை. நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

எந்த ஊர் என்று கேட்காதே. மேலிடம் அறிவிக்கும்வரை நான் வாயைத் திறந்தால் வேலை போய்விடும். ஆனால் விஷயம் என்ன என்பதை ஒரு சுகாதாரப் பணியாளரிடம் சொல்வதில் தப்பில்லை.

நீ விடும் சொட்டில் உயிருள்ள, பலம் குறைத்த வைரஸ் இருக்கிறது. குழந்தையின் குடலில் சில வாரம் குடியிருந்து, உடம்புக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வெளியேறிவிடும். இது உனக்கே தெரியும். பல லட்சத்தில் ஒரு குழந்தைக்கு, பிறவியிலேயே நோயை எதிர்க்கும் சக்தி இருக்காது. அந்த உடம்பில் நுழைந்த வைரஸை வெளியேற்ற ஆள் கிடையாது. அது அங்கேயே தங்கிவிடும். தங்கியதோடு நில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, இழந்த பலத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். சொட்டு போடாத ஒரு குழந்தைக்கு அது போய்ச் சேர்ந்தால் கால் போகலாம். அதை உடம்பில் வைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் ஆபத்துதான்.

முன்பெல்லாம் இதைக் கண்டுபிடிக்கவே யாராவது ஒரு குழந்தைக்குக் கால் விழ வேண்டும். இப்போது அந்த வைரஸின் மரபுச் சங்கிலியை எழுத்தெழுத்தாகப் படிக்கிறோம். எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணினால், அது எவ்வளவு காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். எங்கள் பாட்டிலில் இருப்பதற்கு இருபது முதல் இருபத்திரண்டு மாதம். ஒரே ஒரு உடம்புக்குள். அந்தக் குழந்தை எங்கேயோ நோயோடு இருக்கிறது, நோயின் பெயர் தெரியாமல் இருக்கிறது. பாட்டிலைத் தொடும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான்.

வாலுவுக்கு இதுவரை எத்தனை முறை ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பாய்? காதில் சீழ் வந்ததா? பூசி மெழுகாமல் எழுது.

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

எந்த ஊர் என்று நீ சொல்ல வேண்டாம், எங்களுக்கே தெரிந்துவிட்டது. சூப்பர்வைசர் அம்மா கூட்டம் போட்டு, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் அடிக்கடி நோயில் விழுகிறவர்கள், எடை ஏறாதவர்கள், வயிற்றுப்போக்கு நிற்காதவர்கள் எல்லோரையும் வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவை நான்தான் எடுத்தேன். வீடு வீடாக ஏறி இறங்கினேன். நாற்பத்தொரு குழந்தைகள். அப்படிப்பட்ட குழந்தை ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

வேலை நிறைய. பிறகு எழுதுகிறேன்.

தங்கை


ஏப்ரல் 2

என் செல்லத்துக்கு,

நான் நலம் என்று எழுதப் பேனா வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் பயமாக இருக்கிறது.

உன் கணக்கெடுப்புப் படிவத்தின் நகல் எங்களுக்கும் வந்தது. உன் கையெழுத்தை நான் அறியமாட்டேனா? நாற்பத்தொன்று. ஜனவரியில் வாலுவைச் சேர்க்காமலேயே நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தாய். உன் தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறாய், உன் வீட்டைத் தவிர. முகாமில் உன் கதவில் நீயே குறி போட்டதைப் படித்துச் சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை. இந்த இரண்டு வருடத்தில் உன் வீட்டுக் குழந்தையை வெளியாள் ஒருவரும் வந்து பார்க்கவில்லை என்பது அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இதை எழுதுவது விதிக்கு விரோதம். மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொள்கிறேன். பம்பிங் ஸ்டேஷனிலிருந்து தெருத்தெருவாகப் பின்னோக்கிப் போனார்கள். இந்த மூடியில் இருக்கிறது, அந்த மூடியில் இல்லை என்று பிரித்துப் பிரித்து, நாற்பது தெரு ஒன்பதாகி, ஒன்பது மூன்றாகி, போன வாரம் ஒரே ஒரு தெருவில் வந்து நின்றது. தெரு வரைபடத்தில் அந்த மூடியைப் பார்த்தேன். உன் வீட்டிலிருந்து பத்தடி.

வேறு யார் வீடாகவும் இருக்கலாம். இருக்கட்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஒரு சின்ன டப்பாவில் வாலுவின் மலம் கொஞ்சம் எடுத்து, மூடி, இரண்டு கவர் போட்டு, வண்டிக்கார அண்ணனிடம் கொடு. என்னவென்று அவரிடம் சொல்லிவிடு, அவர் பெட்டியில் தனியாக வைப்பார். பெயர் எழுதாதே. நான் மட்டும் பார்ப்பேன். இல்லையென்றால் இல்லை என்று உனக்கு எழுதிவிட்டுப் போய்ப் படுத்துத் தூங்குவேன்.

எடையைச் சொல்லேன்.

அக்கா


ஏப்ரல் 30

தங்கைக்கு,

நான்கு செவ்வாய் போய்விட்டது. வண்டி வந்தது, பாட்டில்கள் வந்தன, நீ எழுதவில்லை. டப்பாவும் வரவில்லை. வண்டிக்கார அண்ணனைக் கேட்டால், "தங்கச்சி கண்ணுலயே படலம்மா" என்கிறார்.

இன்றைக்கு ஆய்வகத்தில் ஒரே கொண்டாட்டம். உன் தெரு மூடியில் எடுத்த மாதிரி தொடர்ந்து மூன்று வாரமாகச் சுத்தம். வைரஸ் தானாகவே போய்விட்டது என்று பெரிய டாக்டர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டு கழிவறைக்குப் போய்த் துப்பினேன்.

இருபத்திரண்டு மாதம் ஒரு உடம்பில் குடியிருந்தது, என் கடிதம் உனக்குக் கிடைத்த மறுவாரம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுமா? அது போகவில்லை. யாரோ அதைச் சாக்கடைக்கு வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். யார் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கொடுத்த துப்பை வைத்துக்கொண்டே நீ என்னை ஏமாற்றுகிறாய்.

மிட்டாய் கொடுத்த கையோடு தேடுதலை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டால் வாலுவை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அவள் இப்படியே ஒரு காய்ச்சலில் போய்விடுவாள். இதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

மே மாதம் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை வரை காத்திருக்கிறேன். நீயாகப் போய்ச் சூப்பர்வைசர் அம்மாவிடம் சொல். இல்லையென்றால் நான் சொல்லிவிடுவேன்.

அக்கா


மே 6

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் கடிதம் எழுதிப் பழகாதவன். லிஃப்ட் சர்வீஸ் ரிப்போர்ட்தான் எழுதுவேன். தவறு இருந்தால் மன்னிக்கவும். உங்கள் தங்கைக்கு நான் எழுதுவது தெரியாது.

குழந்தையின் அழுக்கைக் கழிவறையில் ஊற்றுவது ஒரு மாதமாக நின்றுவிட்டது. கழுவின தண்ணீரைக்கூட வெளியே விடாமல் வாளியில் பிடித்துப் பிளீச்சிங் பவுடர் போட்டு மூடி வைக்கிறாள். மற்றதை எல்லாம் மூன்று கவரில் கட்டி என்னிடம் தருகிறாள். நான் லிஃப்ட் பார்க்கும் ஆஸ்பத்திரியில் எரிக்கும் உலை இருக்கிறது. தினமும் பைக்கில் கொண்டுபோய் அதில் போடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் பயிற்சி கொடுத்தார்களாம், அதன்படி எல்லாம் சுத்தமாகச் செய்கிறாள். கையெல்லாம் வெந்துபோயிருக்கிறது.

குழந்தை எட்டேகால் கிலோ. ஆறு மாதமாக ஏறவில்லை. காதில் சீழ் மூன்று முறை. நிமோனியா இரண்டு முறை, உங்களிடம் சொல்லக் கூடாது என்றாள். ஒரே டாக்டரிடம் போனால் கேள்வி கேட்பார் என்று நான்கு கிளினிக் மாறினோம். நானும் சேர்ந்துதான் செய்தேன், அவளை மட்டும் குறை சொல்லவில்லை.

லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் சத்தம் போட வேண்டும் அக்கா. சத்தம் போடாமல் இருந்தால் நாங்கள் ஆள் இல்லை என்று நினைத்துப் போய்விடுவோம். அதனால் எழுதினேன்.

பணிவுடன்
வாலுவின் அப்பா


மே 13

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

இவர் எழுதியது எனக்குத் தெரிந்துவிட்டது. வாயில்லாப் பூச்சி என்று நினைத்தேன், அதற்குள் பேனா இருந்திருக்கிறது.

உனக்கு என்ன, கண்ணாடிக்குப் பின்னால் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நான் இந்தத் தெருவில் வாழ வேண்டும். பதினோரு வருடமாக ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஒண்ணும் ஆகாதும்மா, நான் சொல்றேன்ல" என்று சொல்லிச் சொல்லி வாயைத் திறக்க வைத்தவள் நான். சொட்டு போடுகிறவள் பெண்ணே நோஞ்சான் என்று தெரிந்தால் எவள் கதவைத் திறப்பாள்? அப்படி நினைத்துத்தான் முதலில் மறைத்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்புறம் உன் பிப்ரவரிக் கடிதம் வந்தது. ஒவ்வொரு வரியும் என் வீட்டுக்குள் நின்று பார்த்து எழுதியது போல இருந்தது. படித்துவிட்டு இருபத்திரண்டு மாதத்தை விரல் விட்டு எண்ணினேன்.

முதல் சொட்டு என் கையால் விட்டேன் அக்கா. பிரசவ வார்டில் நர்ஸ் எடுத்து வந்ததை, "கொடுங்க, நானே விடறேன்" என்று வாங்கி விட்டேன். அதற்கப்புறம் ஒவ்வொரு முகாமிலும் விட்டேன். என் பெண்ணை நானே இப்படி ஆக்கிவிட்டேன். இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்கிறாய்?

யாரிடமும் சொல்லாதே. கொஞ்ச நாள் கொடு. அவளைத் தேற்றி, கொஞ்சம் எடை ஏற்றிவிட்டு நானே போகிறேன். உன் காலில் விழுகிறேன்.

தங்கை


மே 14

என் தங்கமே,

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. நான் நேற்று முன்தினமே சொல்லிவிட்டேன்.

பெரிய டாக்டர் அறைக்குப் போய் நின்றேன். "அந்தக் குழந்தை என் தங்கச்சி பொண்ணு சார்" என்றேன். விதியை மீறி உனக்கு எழுதியதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, முதலில் கேட்டது குழந்தையின் எடையைத்தான். என்மேல் விசாரணை வரும். வரட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் உன் வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். கதவைத் திற.

நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் வெறுத்துக்கொள். ஆனால் ஒன்றை மட்டும் நான் சொல்லி நீ கேட்க வேண்டும், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. அவள் ரத்தத்தில் இருந்த குறை கருவிலேயே வந்தது. உன் கையால் வந்ததில்லை. அந்தச் சொட்டை நர்ஸ் விட்டிருந்தாலும், நான் விட்டிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். சில இடங்களில் பிறந்த உடனே குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்து இந்தக் குறையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நம் ஊருக்கு அது இன்னும் வரவில்லை. கோபப்பட வேண்டுமென்றால் அதற்குக் கோபப்படுவோம், இரண்டு பேரும் சேர்ந்து.

வைத்தியம் இருக்கிறது. அதற்கு அவள் டாக்டர்கள் கைக்குக் கிடைக்க வேண்டும்.

அக்கா


ஜூலை 16

அன்புள்ள தங்கைக்கு,

நீ பதில் எழுதவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. மாப்பிள்ளை வாரம் ஒருமுறை போனில் விவரம் சொல்கிறார். வாலுவின் மாதிரியும் வாரா வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து என் மேசைக்கு வருகிறது. பெயர் இருக்காது, எண்தான். வைரஸ் இன்னும் இருக்கிறது. இன்னும் சோதனையில் இருக்கும் ஒரு புது வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுக்க ஆரம்பித்த பிறகு குறைந்திருக்கிறது.

என் விசாரணை முடிந்தது. ஒரு வருடச் சம்பள உயர்வு இல்லை, எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. பழைய மேசையிலேயே இருக்கிறேன்.

இதை எழுத அனுமதி வாங்கிவிட்டேன், பயப்படாதே. உன் தெருக் குழந்தைகள் நாற்பத்தொரு பேரையும் சோதித்தார்கள். வாலுவோடு விளையாடியவர்கள், அவள் கடித்த பொம்மையை வாங்கிக் கடித்தவர்கள், எல்லோரையும். ஒரு குழந்தைக்குக்கூடக் கை காலில் எந்தக் குறையும் இல்லை. எல்லோர் ரத்தத்திலும் பாதுகாப்பு இருக்கிறது. பலம் திரும்பிய வைரஸ் இரண்டு வருடமாக அந்தத் தெருவில் இருந்திருக்கிறது, ஒரு பிள்ளையைக்கூடத் தொட முடியவில்லை. "இந்தத் தெருவுக்குச் சொட்டு போட்டது யார்?" என்று பெரிய டாக்டர் கேட்டார். நான் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன், எல்லோர் முன்னாலும்.

வீம்பு பிடித்துக்கொண்டு நிற்காமல் சாப்பிடு. நீ படுத்துவிட்டால் அவளை யார் பார்ப்பது?

அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். இன்றைக்கு எழுதலாம். நாளைக்குத் தெரியாது. நீ எப்படி இருக்கிறாய்?

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அன்றைக்கு நம் வாசலில் வந்து நின்ற அத்தனை முகங்களும் இன்னும் கண்ணிலேயே நிற்கின்றன. ஆனால் ஆம்புலன்சில் ஏறி அரை மணியில் வாலுவுக்கு மூச்சுத் திணறியது. ஆக்சிஜன் கையெட்டும் தூரத்தில் இருந்தது. வீட்டில் இருந்திருந்தால் என்று யோசிக்க ஆரம்பித்தால் எழுந்து போய் அவள் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்க்கிறேன். கோபமும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் திரிகிறேன்.

எலும்பு மஜ்ஜை மாற்றி ஐந்து வாரம் ஆகிறது. முழுப் பொருத்தம் கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் பாதிப் பொருத்தமே போதும், அப்பாவோ அம்மாவோ கொடுக்கலாம் என்றார்கள். இவருடையது சரியாக இருந்தது. இருபது மாடிக் குழிக்குள் கயிற்றில் தொங்குகிற மனுஷன், ஊசியைப் பார்த்ததும் முகம் வெளுத்து என் கையை நசுக்கிவிட்டார். ஒட்டிக்கொண்டதா என்று அறுதியிட்டுச் சொல்ல இன்னும் நாளாகும் என்கிறார் டாக்டர். ரத்தத்தில் ஏதோ எண்ணிக்கை ஏறுகிறது, மறுநாள் இறங்குகிறது. நான் அந்த எண்ணைக் கேட்பதற்காகவே விடிந்ததும் எழுந்து கதவருகே நிற்கிறேன்.

போன வாரம் சூப்பர்வைசர் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். நம் பகுதிக்கு இந்த முறை சொட்டு இல்லை, செத்த வைரஸ் ஊசி, அதில் தங்குகிற பேச்சே கிடையாது என்று நோட்டீஸ் அடித்து ஒட்டியும் நம் தெருவில் ஒருவரும் வரவில்லையாம். சொட்டுதான் அந்தப் பெண்ணை இப்படிப் பண்ணியது, இனி எந்த மருந்தும் வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார்களாம். "நீ ஒரு நாள் வந்து நில்லு, போதும்" என்றார். இவரைக் குழந்தையிடம் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

நாலு மாதம் கழித்து அந்தத் தெருவில் நடப்பது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. ஜன்னலில் தலை தெரியும், நான் பார்த்தால் மறையும். முதல் மூன்று வீட்டில் கதவே திறக்கவில்லை. நான்காவது எதிர்வீட்டுக்காரி. என் பிரசவத்துக்குக் கூடவே வந்தவள், அவள் பையனுக்கும் வாலுவுக்கும் பத்து மாத வித்தியாசம். கதவைத் திறந்தாள், வழியை விடவில்லை. நர்ஸ் எனக்குப் பின்னால் பெட்டியோடு நின்றாள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். உன் பொண்ணுக்கு இந்த ஊசிய போடுவியா? அதை மட்டும் சொல்லு."

பொய் சொல்லியிருக்கலாம், எனக்குத்தான் அது நன்றாக வருமே.

"இப்போ போடமாட்டேன். போட்டாலும் பிரயோஜனம் இல்ல. அவ உடம்பு அதைக் கத்துக்காது" என்றேன். "அவ என்னைக்காவது இந்தத் தெருவுக்குத் திரும்பி வந்தா, உன் பையன்கூடதான் விளையாடுவா. அதனாலதான் அவனுக்குப் போடுன்னு கேட்டு வந்திருக்கேன்."

அவள் உள்ளே போய்ப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்து, என்னை வாசற்படியில் உட்காரச் சொல்லி, என் மடியில் அவனை வைத்தாள். நர்ஸ் மருந்தை உறிஞ்சி எடுக்கும்போது அவன் இரண்டு காலையும் நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொழுகொழுவென்று நல்ல கால்கள், அக்கா. ஊசி பட்டதும் அவன் உதைத்த உதையில் என் கைக்கடிகாரம் கழன்று தெருவில் போய் விழுந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தங்கை